ஜப்பானிய உரையாடல் மன்றத்தில் இரு நிலை மாணவர்களையும் பேசவைக்க வழி தேவை

எங்கள் கல்லூரியின் ஜப்பானிய மொழி மன்றத்தில் வாரம் ஒருமுறை வகுப்புக்கு வெளியே கூடிப் பேசிப் பழகுகிறோம். ஜே.எல்.பி.டி. எனப்படும் ஜப்பானிய மொழித்திறன் தேர்வில் பேச்சுப் பகுதியே இல்லாததால், வகுப்பு நேரத்தைக் கான்ஜி எழுத்துகளும் இலக்கணமுமே எடுத்துக்கொள்கின்றன. ஆகவே, பலருக்கும் வாய்திறந்து பேச இம்மன்றம்தான் ஒரே இடம். இந்தப் பருவத்தில் அத்தேர்வின் தொடக்க நிலையான என்-5 நிலையினரும் இடைநிலையான என்-3 தேர்ச்சி பெற்றவர்களும் கலந்திருப்பதால், மூத்தவர்கள் தமக்குள் பேசிக்கொள்ள, புதியவர்கள் சில நிமிடங்களிலேயே மௌனமாகிவிடுகிறார்கள்.

தலைப்பையும் சொற்பட்டியலையும் முன்கூட்டியே கொடுத்தோம். மனப்பாடம் செய்து ஒப்பித்தார்கள். இருவர் இருவராக அமர்த்தியபோது உரையாடல் பாடமாக மாறியது. ஜப்பானிய மாணவர்களுடன் காணொளியில் பேசியபோதோ, நண்பர்களிடையே வழங்கும் இயல்பான வடிவம், 'தெஸ்', 'மாஸ்' என முடியும் மரியாதை வடிவத்தை மட்டுமே கற்ற புதியவர்களுக்குப் பிடிபடவில்லை. மன்றத்தை இரண்டாகப் பிரிக்க எங்களுக்கு மனமில்லை.

இரு நிலையினரும் பேசினால்தான் முடிக்க இயலும் என்ற வகையில் அமைந்த, நீங்களே நடத்திப் பயன்கண்ட பயிற்சி எது?