உதவி தேவை: ஆப்பில் 1.6 மீட்டர், கடலில் முழங்கால் அலை. வரும் சனிக்கிழமையை எப்படிக் கணிப்பது?

புதுப்பலகை (செவ்வாய் இரவு)

எல்லோருக்கும் வணக்கம். சர்ஃபிங் ஓரளவு வரும். எழுந்து நின்று, அலையின் முகத்தில் பக்கவாட்டில் போகத் தெரியும். எந்த நாளில் கிளம்பிப் போகலாம் என்று முன்கூட்டியே கணிப்பதுதான் பிடிபடவில்லை.

போன வாரம் ஒரு நாள் அலை கணிப்பு ஆப் 1.6 மீட்டர் உயரம், 7 விநாடி பீரியட் காட்டியது. போய்ப் பார்த்தால் முழங்கால் உயரத்துக்குத்தான் வந்துகொண்டிருந்தது. அதே வாரக் கடைசியில் 1.1 மீட்டர், 15 விநாடி. அன்று தலைக்கு மேல் எழுந்தது. ஆனால் கரை நெடுக ஒரே சுவராக நின்று மொத்தமும் ஒரே நேரத்தில் மடிந்தது, பக்கவாட்டில் போக இடமே இல்லை.

எங்கள் கடற்கரை நேர் கிழக்கைப் பார்த்தது. மணல் அடி. தெற்குக் கோடியில் ஒரு பாறை முனை கடலுக்குள் நீண்டிருக்கிறது. வரும் சனிக்கிழமைக்கும் ஆப் 1.1 மீட்டர் என்றே சொல்கிறது. மறுபடி அந்தச் சுவர்தானா? ஆப்பை மாற்ற வேண்டுமா, இல்லை வேறு எதையாவது பார்க்க வேண்டுமா?

காற்றுமானி

உயரத்தை விடுங்க, பீரியடைப் பாருங்க, அதாவது ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் இடைப்பட்ட விநாடி. 10 விநாடிக்குக் கீழே இருந்தால் நான் போகவே மாட்டேன். சனிக்கிழமை எத்தனை விநாடி?

நீரோட்டம்

நண்பரே, ஆப்பை மாற்றிப் பயனில்லை. பெரும்பாலான ஆப்கள் இரண்டு மூன்று கணினி அலை மாதிரிகளிலிருந்துதான் எண்களை எடுக்கின்றன; அமெரிக்காவின் கடல், வானிலை அமைப்பான நோவா நடத்தும் வேவ்வாட்ச் அல்லது ஐரோப்பிய வானிலை மையத்தின் மாதிரி என்று ஏதாவது ஒன்றாக இருக்கும். நான்கு ஆப் ஒரே எண்ணைச் சொன்னால் நான்கு பேர் ஒத்துக்கொண்டதாக அர்த்தமில்லை, ஒரே மூலத்தை நான்கு பேர் படிக்கிறார்கள்.

இந்த விவரங்களைச் சொல்லுங்கள்: அந்த 1.6 என்பது மொத்த அலை உயரமா, ஸ்வெல் (தொலைவிலிருந்து ஒரே திசையில் சீராக வரும் அலைக்கூட்டம்) உயரம் மட்டுமா? ஆப்பில் எண்ணைத் தொட்டால் பெரும்பாலும் ஒன்றாம் ஸ்வெல், இரண்டாம் ஸ்வெல் என்று பிரித்துக் காட்டும். ஒவ்வொன்றின் திசையும் டிகிரியில் வேண்டும். இரண்டு நாளிலும் எத்தனை மணிக்கு இறங்கினீர்கள், அப்போது கடல் மட்டம் ஏற்றமா வற்றமா என்பதும் வேண்டும்.

புதுப்பலகை

பிரித்துப் பார்க்கலாம் என்பதே இப்போதுதான் தெரிகிறது. பழைய நாட்களின் பதிவும் ஆப்பில் இருக்கிறது, எடுத்துவிட்டேன்.

முதல் நாள்: 1.5 மீட்டர், 7 விநாடி, 190 டிகிரி. கூடவே 0.5 மீட்டர், 10 விநாடி, 120 டிகிரி. மதியம் இறங்கினேன், ஏற்றம்.

இரண்டாம் நாள்: 1.1 மீட்டர், 15 விநாடி, 150 டிகிரி, அது மட்டும்தான். நண்பகல், நல்ல வற்றம்.

நீரோட்டம்

இதிலேயே பாதி பதில் இருக்கிறது.

முதலில் அந்த 1.6 எப்படி வந்தது என்று பாருங்கள். இரண்டு ஸ்வெல்லின் உயரத்தை நேராகக் கூட்டக் கூடாது. ஒவ்வொன்றையும் வர்க்கமாக்கிக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 1.5-இன் வர்க்கம் 2.25, 0.5-இன் வர்க்கம் 0.25, கூட்டினால் 2.5. அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 1.6. ஆக, நீங்கள் பார்த்தது மொத்தக் கணக்கு. அதில் பெரும்பங்கு 190 டிகிரியிலிருந்து வந்தது. ஆப்பில் ஸ்வெல் திசை என்றால் அலை எங்கிருந்து வருகிறது என்பதே. 190 என்றால் தெற்கு, சற்றே மேற்கே சாய்ந்தது. உங்கள் கரை பார்ப்பதோ 90, அதாவது கிழக்கு. அந்த ஸ்வெல் உங்கள் கரைக்கு வரவே இல்லை, பாறை முனைக்கு வெளியே கடந்து வடக்கே போய்விட்டது. உங்கள் காலடிக்கு வந்தது அந்த 0.5 மீட்டர் மட்டும்தான். முழங்கால் உயரம் சரியாகப் பொருந்துகிறது.

மாதிரி சொன்னதும் பொய்யில்லை. அது நடுக்கடலைச் சொன்னது. உலக அளவிலான மாதிரி கடலைப் பல கிலோமீட்டர் அகலக் கட்டங்களாக வெட்டிக் கணக்குப் போடுகிறது. உங்கள் பாறை முனை அதன் கண்ணில் படாது. அந்த முனையை நீங்கள்தான் கணக்கில் சேர்க்க வேண்டும். செயற்கைக்கோள் வரைபடத்தைத் திறந்து, நீங்கள் அலை பிடிக்கும் இடத்திலிருந்து முனையின் நுனியைத் தொட்டபடி கடலுக்குள் ஒரு கோடு இழுங்கள். அந்தக் கோட்டின் டிகிரிதான் உங்கள் தெற்கு எல்லை. வடக்கே மறைப்பு எதுவும் இருந்தால் அதற்கும் ஒரு கோடு. இந்த இரண்டுக்கும் இடையில் வருவதுதான் உங்களுக்கான கடல்.

புதுப்பலகை

கோடு இழுத்தேன், 140 வருகிறது. அப்படியானால் இரண்டாம் நாள் 150 டிகிரி ஸ்வெல்லும் எல்லைக்கு வெளியேதானே? அது எப்படித் தலைக்கு மேல் வந்தது?

நீரோட்டம்

அங்கேதான் பீரியட் வருகிறது. ஆழ்கடலில் அலையின் நீளம், பீரியடின் வர்க்கத்தை 1.56-ஆல் பெருக்கினால் கிடைக்கும். 7 விநாடி அலைக்கு 76 மீட்டர். 15 விநாடி அலைக்கு 350 மீட்டர். நீளத்தில் பாதி ஆழம் வந்ததும் அலைக்குத் தரை தட்டுப்பட ஆரம்பிக்கும். 7 விநாடி அலை 38 மீட்டர் ஆழம் வரை அடி தெரியாமல் நேராகப் போகும். 15 விநாடி அலை 175 மீட்டர் ஆழத்திலேயே தரையை உணர்ந்து, ஆழம் குறைந்த பக்கம் வேகம் குறைந்து, அந்தப் பக்கமாக வளையத் தொடங்கிவிடும். அதனால் அது முனையைச் சுற்றித் திரும்பி உங்கள் கரைக்கு வந்துவிட்டது. கரையேறும்போது நீண்ட அலை கூடுதலாக உயரவும் செய்யும். நீண்ட பீரியடுக்கு எல்லைக் கோட்டைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளுங்கள், குறுகிய பீரியடுக்கு அதைக் கறாராக வையுங்கள்.

இன்னொன்று கவனித்தேன். அலையின் சக்தி, உயரத்தின் வர்க்கத்தையும் பீரியடையும் பெருக்கினால் வருவதற்கு விகிதமானது. 1.6 மீட்டர், 7 விநாடி என்றால் 17.9. 1.1 மீட்டர், 15 விநாடி என்றால் 18.2. நடுக்கடலில் இரண்டு நாளும் ஏறக்குறைய ஒரே சக்தி! உங்கள் கரையில் ஒன்று முழங்காலுக்கு வந்தது, இன்னொன்று தலைக்கு மேல் வந்தது. ஒரே எண்ணை வைத்து முடிவெடுக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைத்ததில்லை.

பாறைமுனை

காற்றுமானி சொன்னதை மறுக்க வேண்டியிருக்கிறது. பீரியட் நீளம் என்றால் நல்ல அலை என்பது ரீஃப் (பாறை அல்லது பவளத் திட்டு), பாயின்ட் (நீண்டு நிற்கும் முனை) மாதிரியான இடங்களுக்குச் சரி. நேர்க்கோடாகக் கிடக்கும் மணல் கரையில் 15 விநாடி வந்தால், அலை வரிசை கிலோமீட்டர் கணக்கில் நீளமாக, கரைக்கு இணையாக வந்து நிற்கும். உடைவது ஆழத்தைப் பொறுத்தது. அலை உயரம் நீராழத்தில் ஏறக்குறைய 0.78 பங்கை எட்டியதும் மடிந்துவிடும். நீருக்கடியில் இருக்கும் மணல் திட்டு முழுக்க ஒரே ஆழம் என்றால் எல்லா இடத்திலும் அந்த எல்லையை ஒரே நேரத்தில் தொடும். அதுதான் க்ளோஸ்அவுட். வற்றத்தில் திட்டின் மேல் நீர் இன்னும் குறைவு, அதனால் இன்னும் மோசம். புதுப்பலகை பார்த்தது இதைத்தான்.

மணல் கரைக்கு நான் தேடுவது 8-லிருந்து 12 விநாடி வரை, அதுவும் இரண்டு வேறு திசையிலிருந்து ஸ்வெல் வரும் நாள். இரண்டும் குறுக்கே வெட்டும் இடங்களில் அலை உயர்ந்து, பக்கங்களில் தாழ்ந்து, தனித்தனி பீக்காக, அதாவது முகடாக எழும்.

காற்றுமானி

நான் போவது ரீஃப் இடம். மணல் கரைக்கு இது பொருந்தாது என்பதை ஏற்றுக்கொள்கிறேன். சனிக்கிழமைக்கான காற்றையும் போடுங்க.

புதுப்பலகை (புதன் காலை)

சனிக்கிழமை: 0.9 மீட்டர், 12 விநாடி, 130 டிகிரி. கூடவே 0.6 மீட்டர், 8 விநாடி, 70 டிகிரி. காற்று காலையில் மேற்கிலிருந்து மணிக்கு 8 கிமீ, 11 மணிக்கு மேல் கிழக்கிலிருந்து 25 கிமீ. வற்றம் காலை 6:10, ஏற்றம் மதியம் 12:20.

பாறைமுனை

போங்க! இந்த முறை இரண்டு ஸ்வெல்லும் உங்கள் எல்லைக்குள், 60 டிகிரி இடைவெளியில். மொத்தம் போட்டால் அதே 1.1 தான், ஆனால் கடல் வேறு. 6 மணிக்கு இறங்காதீர்கள், திட்டில் நீர் இருக்காது. எட்டு மணிக்கு நீர் ஏறி வரும்போது இறங்குங்கள். ஏற்றம் முழுதாகிவிட்டால் அலை திட்டைத் தாண்டி வந்து கரையோரத்தில் கொத்தாக உடையும், அதற்குள் வெளியே வந்துவிடலாம்.

காற்றில் ஒரு திருத்தம். கரையிலிருந்து கடலுக்கு வீசும் காற்று அலை முகத்தை நிமிர்த்திப் பிடிக்கும், கடலிலிருந்து வீசுவது அதைக் கலைத்துத் தள்ளிவிடும். வெயில் ஏறி நிலம் சூடானதும் கடற்காற்று கிளம்பும். வானம் மேகமில்லாமல் இருந்தால் மாதிரி சொல்லும் நேரத்துக்கு முன்பே கிளம்புவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். 11 மணி என்றால் 10 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நீரோட்டம்

நானும் அதையே சொல்வேன். ஆனால் இன்று புதன்தான். மாதிரிகளில் பல ஒரு நாளைக்கு நான்கு முறை புதுக்கணக்கு போடுகின்றன. அடுத்தடுத்த கணக்குகளில் சனிக்கிழமை எண் நிலையாக நிற்கிறதா, ஆடுகிறதா என்று பாருங்கள். நிலையாக நின்றால் நம்பலாம். அமெரிக்க மாதிரியும் ஐரோப்பிய மாதிரியும் ஒத்துப்போனால் இன்னும் நல்லது.

வெள்ளிக்கிழமை வந்துவிட்டால் மாதிரியை விட்டு, கடலில் மிதந்தபடி அலையை அளக்கும் மிதவையைப் பாருங்கள். ஸ்வெல் வரும் திசையில் அளவீட்டு மிதவை எதுவும் இருக்கிறதா? பீரியடை 2.8-ஆல் பெருக்கினால் அந்த ஸ்வெல் கூட்டம் மணிக்கு எத்தனை கிமீ நகரும் என்று வந்துவிடும். 12 விநாடி என்றால் சுமார் 34 கிமீ. நீண்ட பீரியட் வேகமாக ஓடும், அதனால் ஒரு புயலின் ஸ்வெல்லில் நீண்ட அலைகள்தான் முதலில் வந்து சேரும், குறுகியவை பின்னால் வரும். 1963-இல் வால்டர் மங்க் குழுவினர் நியூசிலாந்திலிருந்து அலாஸ்கா வரை நிலையங்கள் அமைத்து, தென்கோடிப் புயல்களில் பிறந்த ஸ்வெல் பசிபிக்கையே கடந்து போவதைப் பின்தொடர்ந்து அளந்தார்கள். புயலைத் தாண்டிய பிறகு அது வழியில் இழக்கும் சக்தி மிகக் குறைவு என்று அதில் தெரிந்தது. அவ்வளவு தூரத்துக்கே கணக்கு நிற்கும் என்றால், மிதவையிலிருந்து உங்கள் கரை வரை தாராளமாக நிற்கும்.

புதுப்பலகை (வெள்ளி இரவு)

தென்கிழக்கே 400 கிமீ தொலைவில் ஒரு மிதவை இருக்கிறது. மாலை 6 மணிக்கு 0.8 மீட்டர், 12 விநாடி காட்டுகிறது. 400-ஐ 34-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 12 மணி நேரம். அதாவது காலை 6 மணிக்கு இங்கே வந்திருக்க வேண்டும். சரிதானே? நாளை குளிக்க வரும் உறவினர் சிலரும் கூட வருகிறார்கள்.

நீரோட்டம்

கணக்கு சரி. உறவினர் வருகிறார்கள் என்பதால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஆப் தரும் உயரம், அலைகளில் உயர்ந்த மூன்றில் ஒரு பங்கின் சராசரி. ஒன்றிரண்டு அலைகள் அதைப் போல இரு மடங்கை நெருங்கும். 12 விநாடி ஸ்வெல் செட்டாக, அதாவது சில பெரிய அலைகள் சேர்ந்த கூட்டமாக வரும், இடையில் கடல் வெகுநேரம் அமைதியாகக் கிடக்கும். அந்த அமைதியை நம்பி யாரையும் இறக்காதீர்கள். முதலில் கரையில் உட்கார்ந்து குறைந்தது இரண்டு செட் பாருங்கள். அலை உடையாமல், நீர் கறுத்து, நுரை கடல் பக்கமாக நகரும் பட்டை எங்கே இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அது இழுப்பு நீரோட்டம். குளிப்பவர்கள் அந்தப் பக்கமே போகக் கூடாது. யாராவது மாட்டினால் எதிர்த்து நீந்தாமல், மிதந்தபடி கையை உயர்த்திக் காட்டி உதவிக்குக் கூப்பிட வேண்டும். முடிந்தால் கரைக்கு இணையாக நீந்தி வெளியே வரலாம்.

புதுப்பலகை (சனி மதியம்)

ஏழரைக்குப் போய் உட்கார்ந்தேன். அப்போது வெளித்திட்டில் அலை வெறுமனே மடிந்துகொண்டிருந்தது. எட்டே காலுக்குப் பிறகு மாறியது. நெஞ்சு உயரம், நடுவில் ஒரு பீக், வலது பக்கம் நீண்டு உடைந்தது. கிழக்கிலிருந்து வரும் சின்ன அலை பெரியதன் மேல் ஏறும் இடத்தில் முகம் திடீரென்று நிமிர்வது கரையிலிருந்தே தெரிந்தது. ஒன்பதே முக்காலுக்கே கடற்காற்று வந்துவிட்டது, பத்தரைக்குள் முகமெல்லாம் கலைந்து போயிற்று. இழுப்புப் பட்டை பாறை முனையை ஒட்டி இருந்தது. உறவினர்களை வடக்கே தள்ளிக் குளிக்க வைத்தேன். ஆப் சொன்னதை ஒரு பக்கமும் நான் பார்த்ததை மறுபக்கமும் எழுத ஒரு நோட்டு போட்டிருக்கிறேன். எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

ஒரு சந்தேகம் மட்டும்: அடுத்த சனிக்கிழமையும் இதே ஸ்வெல் வந்தால் அதே எட்டு மணிக்குப் போகலாமா?

பாறைமுனை

கூடாது. ஏற்ற வற்ற நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். ஏழு நாளில் ஏறக்குறைய ஆறு மணி நேரம். இன்று வற்றமாக இருந்த காலை ஆறு மணி, அடுத்த சனிக்கிழமை ஏற்றமாக இருக்கும். எட்டு மணிக்கு நீர் இறங்கிக்கொண்டிருக்கும், திட்டு ஒன்பதையொட்டித்தான் வேலை செய்யத் தொடங்கும், அதற்குள் காற்று வந்துவிடலாம். நோட்டில் பிறையையும் எழுதுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் அதிகம், நல்ல நேரம் சீக்கிரம் கடந்துவிடும். அஷ்டமியை ஒட்டி வித்தியாசம் குறைவு, திட்டின் மேல் நீர் வெகுநேரம் ஒரே அளவில் நிற்கும். புயல் ஏதாவது கரையைத் தாக்கினால் மணல் திட்டு இடம் மாறிவிடும். அப்போது நோட்டில் ஒரு கோடு போட்டுவிட்டு, நேரக் கணக்கைப் புதிதாகத் தொடங்குங்கள். எல்லைக் கோடுகள் மட்டும் அப்படியே இருக்கும்.