ஸ்கோர், ஸ்கேல், கிரைட்டீரியன்: நல்கை மதிப்பீட்டு மென்பொருளுக்கான சொற்கள்

வணக்கம்.

நல்கை (ஆய்வுக்கான நிதியுதவி) விண்ணப்பங்களுக்கு மதிப்பெண் போடும் மென்பொருளின் அமைப்புப் பக்கத்துக்குத் தமிழ்ச்சொல் கேட்டு வந்த மடலையும், அதற்கு வந்த பதில்களையும் படித்தேன். பரிந்துரைகள் தனித்தனியே பார்த்தால் நல்ல சொற்கள்தான். எல்லாவற்றையும் ஒரே திரையில் வைக்கும்போதுதான் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன.

> கிரைட்டீரியன் – அளவுகோல்
> ஸ்கேல் – அளவுகோல்

இங்கிருந்தே தொடங்கலாம். நிர்வாகி அந்தப் பக்கத்தில் முதலில் செய்வது, எதையெல்லாம் மதிப்பிட வேண்டும் என்று சேர்ப்பது: ஆய்வின் புதுமை, செயல்திட்டம், குழுவின் அனுபவம். அடுத்து, ஒவ்வொன்றுக்கும் எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை போடலாம் என்று குறிப்பது. இரண்டையும் ஒரே பெயரில் அழைத்தால் "இந்த அளவுகோலுக்கு உரிய அளவுகோலைத் தேர்ந்தெடுக்கவும்" என்று ஒரு வரி வந்து நிற்கும். கோடு போட்ட கோல் இரண்டாவதுதானே? எனவே ஸ்கேலுக்கு அளவுகோல் இருக்கட்டும். கிரைட்டீரியனுக்கு 'மதிப்பீட்டுக் கூறு', சுருக்கமாகக் 'கூறு' போதும்.

> ஸ்கோர் – புள்ளி

புள்ளி வேண்டாம் என்பேன். மதிப்பெண்ணைப் புள்ளி என்று சொல்லும் வழக்கம் எனக்குத் தெரியும், பிடிக்கவும் பிடிக்கும். ஆனால் பல திட்டங்களில் அரை எண்கள் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆய்வு நிதித் திட்டமான ஹொரைசன் யூரோப்பில் ஒவ்வொரு கூறுக்கும் 0 முதல் 5 வரை, 3.5 என்றும் போடலாம். அதை "மூன்று புள்ளி ஐந்து புள்ளி" என்று வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்! மதிப்பெண்ணிலோ எண் உள்ளேயே இருக்கிறது, விளக்கமே தேவையில்லை.

மதிப்பெண்ணிலும் ஒரு சிக்கல் உண்டு. அந்தச் சொல்லைக் கேட்டதும் கூடக்கூட நல்லது என்றுதான் நம் மனம் எடுத்துக்கொள்ளும். மருத்துவ ஆய்வுக்கு நிதி தரும் அமெரிக்காவின் என்ஐஎச்சில் அப்படியே தலைகீழ்: அளவுகோல் 1 முதல் 9 வரை, 1 தான் மிகச் சிறந்தது. குழு உறுப்பினர்கள் இட்ட எண்களின் சராசரியைப் பத்தால் பெருக்குவார்கள், இறுதி மதிப்பெண் 10க்கும் 90க்கும் இடையில் வரும். அங்கே 20 வாங்கியவர் மகிழ்ச்சியாக இருப்பார், 70 வாங்கியவர் அடுத்த முறை மீண்டும் விண்ணப்பிக்கப் பார்ப்பார். இதற்காகச் சொல்லை மாற்ற வேண்டியதில்லை. சுற்றியிருக்கும் வரிகளை மாற்றினால் போதும். பட்டியலை வரிசைப்படுத்தும் பொத்தானில் "அதிக மதிப்பெண் முதலில்" என்பதற்குப் பதில் "சிறந்தவை முதலில்" என்று எழுதலாம். அமைப்புப் பக்கத்தில் "எந்த முனை சிறந்தது?" என்று நேராகவே கேட்டுவிடலாம். 'ஏறுமுக அளவுகோல்', 'இறங்குமுக அளவுகோல்' என்றெல்லாம் ஒரு பரிந்துரை வந்திருந்தது; படிப்பவர் ஒரு நொடி நின்று யோசிக்க வேண்டியிருக்கும்.

ரேட்டிங்கை இதோடு கலக்க வேண்டாம். அறிவியல் ஆய்வுக்கு நிதி தரும் அமெரிக்க என்எஸ்எஃப்பில் வெளி மதிப்பீட்டாளர்கள் எண்ணே போடுவதில்லை; மிகச் சிறப்பு, மிக நன்று, நன்று, சுமார், மோசம் என்ற வகையில் ஐந்து நிலைகளில் ஒன்றைத் தேர்வார்கள். அதற்குத் 'தரநிலை' பொருந்தும். எண் வந்தால் மதிப்பெண், சொல் வந்தால் தரநிலை.

> வெயிட் – நிறை

ஒவ்வொரு கூறும் மொத்தத்தில் எவ்வளவு கணக்கில் வரும் என்பதுதான் வெயிட். புள்ளியியலில் 'நிறையிட்ட சராசரி' இருப்பதால் இந்தப் பரிந்துரை வந்திருக்கும். ஆனால் மதிப்பீட்டுப் படிவத்தை ஒருமுறை பாருங்கள். மதிப்பெண் பெட்டிக்குக் கீழேயே "நிறைகள்", "குறைகள்" என்று இரண்டு கருத்துப் பெட்டிகள் இருக்கும். மேலே "நிறை: 40" என்று போட்டால், விண்ணப்பத்தில் நாற்பது நல்ல அம்சங்கள் என்று யாராவது எடுத்துக்கொள்வார்கள். 'எடை' என்றே வைத்துக்கொள்வோம். பக்கத்தில் ஒரு சிறு எடுத்துக்காட்டும் இருந்தால் நல்லது: எடைகள் 40, 40, 20, மதிப்பெண்கள் 4, 3, 4.5; மொத்த மதிப்பெண் 3.7. எடை பார்க்காமல் வெறும் சராசரி எடுத்தால் 3.83 வரும். இந்த வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்தால் சொல் தானாகவே விளங்கிவிடும்.

த்ரெஷோல்டும் கட்-ஆஃபும் வேறு வேறு. ஹொரைசன் யூரோப்பில் வழக்கமாக ஒவ்வொரு கூறிலும் 3, மொத்தம் 15க்கு 10 எடுக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் விண்ணப்பம் போட்டியிலேயே இல்லை. இது 'குறைந்தபட்ச மதிப்பெண்'. அதைத் தாண்டியவர்களிலும் பணம் எதுவரை போகும் என்பது வேறு கோடு. அதற்குக் 'கட்-ஆஃப்' என்றே விட்டுவிடலாம். எல்லாருக்கும் புரியும், புதிதாக ஒன்றைச் செய்து திணிக்க வேண்டாம். 'தேர்ச்சி மதிப்பெண்' மட்டும் கூடாது. இருபது ஆண்டு ஆய்வு செய்தவருக்கு "நீங்கள் தேர்ச்சி பெறவில்லை" என்று தானியங்கி மின்னஞ்சல் போனால் நன்றாகவா இருக்கும்?

யாரும் எழுப்பாத ஒன்று: காலிப் பெட்டி. 0 என்பதும் ஒரு மதிப்பெண்தான். அந்தக் கூறைப் பற்றி விண்ணப்பம் எதுவுமே சொல்லவில்லை, அல்லது மதிப்பிடும் அளவுக்குத் தகவல் இல்லை என்று பொருள். மதிப்பீட்டாளர் இன்னும் பெட்டியைத் தொடவில்லை என்பது முற்றிலும் வேறு. இரண்டையும் மென்பொருள் ஒன்றாகக் கருதிச் சராசரி எடுத்தால், ஒருவர் தாமதித்ததற்கு விண்ணப்பதாரர் தண்டனை அனுபவிப்பார். "இன்னும் இடவில்லை" என்று வெளிப்படையாகவே காட்டுவோம். விண்ணப்பதாரரோடு தன்னலத் தொடர்பு இருப்பதால் ஒதுங்கிக்கொண்ட மதிப்பீட்டாளருக்கு "விலகினார்". இந்த இரண்டும் சராசரிக்குள் வரக்கூடாது.

மிஞ்சியிருப்பது நார்மலைசேஷன். சிலர் எதற்கும் 4க்குக் கீழே இறங்கமாட்டார்கள், சிலருக்கு 3க்கு மேல் கொடுக்கவே கை வராது. ஒவ்வொருவரின் சராசரியைக் கழித்து, அவருடைய திட்ட விலக்கத்தால் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகிச் சிதறியுள்ளன என்ற அளவால்) வகுத்து இதைச் சரிக்கட்டுவது ஒரு வழி. 'இயல்பாக்கம்' என்றால், முதலில் போட்ட மதிப்பெண் இயல்பற்றது என்று மதிப்பீட்டாளருக்குப் படலாம். 'சமன்செய்த மதிப்பெண்' எனக்குச் சரியாகத் தோன்றுகிறது. எல்லா விண்ணப்பங்களுக்கும் ஒருவர் ஒரே எண்ணைப் போட்டிருந்தால் விலக்கம் 0 ஆகிவிடும், வகுக்கவே முடியாது. அப்போது திரையில் வர வேண்டிய வரிக்கு என் பரிந்துரை: "இவருடைய மதிப்பெண்களைச் சமன்செய்ய முடியவில்லை, எல்லாம் ஒரே எண்." இதைவிடச் சுருக்கமாக யாராவது சொன்னால் அதையே எடுத்துக்கொள்வோம், பெட்டி சிறியது.