கமலா கானின் 19ஆம் இதழ்: வாசித்தவர்கள் தங்கள் அனுபவத்தைப் பகிரவும்

மூதூர் வாசகி எழுதுகிறார்:

ஓர் இளம் நாயகியின் சித்திரக்கதைத் தொடர் முடிந்த இதழ் என் வாழ்க்கையின் ஒரு மாதத்தை எனக்கு மீண்டும் காட்டியது. அதை இங்கே எழுதி வைக்கிறேன். உங்களுக்கும் இப்படியொரு கடைசி இதழ் வாய்த்திருந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.

மார்வெல் நிறுவனம் 2014 பெப்ரவரியில் தொடங்கிய 'மிஸ் மார்வெல்' தொடரின் நாயகியான கமலா கான், அமெரிக்காவின் ஜேர்சி சிட்டியில் வாழும் பாகிஸ்தானிய வம்சாவளி முஸ்லிம் குடும்பத்தின் பதினாறு வயதுப் பிள்ளை. நினைத்தபடி உடலை நீட்டவும் பெருக்கவும் அவளால் முடியும். அவளுடைய வீர உடை, வீட்டில் கிடந்த புர்கினி நீச்சலுடையிலிருந்து உருவானது. ஜி. வில்லோ வில்சன் கதையை எழுத, ஏட்ரியன் அல்ஃபோனா பெரும்பாலான இதழ்களை வரைந்தார். தோஹாவில் வேலை செய்யும் என் நானா (அண்ணன்) 2017இல் விடுமுறைக்கு வந்தபோது இத்தொடரின் நான்கு தொகுப்புகளையும் எனக்காக வாங்கி வந்தார். நான்காம் தொகுப்பில் 16 முதல் 19 வரையான இதழ்கள் இருந்தன.

2015இல் மார்வெல் தன் கதையுலகம் முழுவதையும் இன்னோர் உலகத்தோடு மோதவிட்டு அழித்ததால், அந்நிறுவனத்தின் பெரும்பாலான தொடர்களோடு இதுவும் 19ஆம் இதழில் நின்றது. வானத்தில் இன்னொரு பூமி தொங்குகிறது. அதைத் தடுக்கும் வலிமை கமலாவுக்கு இல்லை. ஆகவே அவள் தன் ஊர்ச்சனங்களைத் தான் படிக்கும் பாடசாலையில் கொண்டுவந்து சேர்க்கிறாள். அந்தப் படங்களுக்கு வந்தபோது என்னால் அடுத்த பக்கத்தைத் திருப்ப முடியவில்லை.

2006 ஆகஸ்டில், எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, இலங்கையின் கிழக்கிலுள்ள எங்கள் ஊரான மூதூரில் சண்டை மூண்டு நாங்கள் கந்தளாய்க்கு இடம்பெயர்ந்தோம். அங்கே ஒரு பாடசாலைதான் எங்களுக்கு வீடாயிற்று. மேசைகளைச் சுவரோரம் அடுக்கிவிட்டு, ஒரே வகுப்பறையில் பல குடும்பங்கள் பாய் விரித்தன. கரும்பலகையில் யாரோ எழுதி முடிக்காமல் விட்ட கணக்கு ஒன்று நாங்கள் இருந்த நாளெல்லாம் அப்படியே இருந்தது. கமலாவின் பாடசாலையிலும் பகை கொண்டிருந்தவர்கள் அருகருகே அமர்ந்து பேசுகிறார்கள், பிள்ளைகள் பயத்தை மறக்க ஏதேதோ செய்கிறார்கள், பெரியவர்கள் யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று எண்ணுகிறார்கள். போர் தெரியாத ஊரில் இருந்து வந்த புத்தகம் எங்கள் வகுப்பறையை இவ்வளவு சரியாக வரைந்திருந்தது எனக்குப் பெரும் வியப்பாக இருந்தது.

இந்தத் தொகுப்பில்தான் கமலாவின் உம்மா, மகளின் இரகசியம் தனக்கு முன்னமே தெரியும் என்று சொல்கிறார். இரவில் மகள் வெளியே போவது துன்பப்படுபவர்களுக்கு உதவத்தான் என்றால், நல்ல பிள்ளையைத் தந்ததற்கு இறைவனுக்கு நன்றி சொல்வேன் என்ற பொருளில் அவர் பேசுகிறார். கடைசி இதழில், பாடசாலையின் மொட்டை மாடியில் நண்பன் புரூனோ தன் காதலைச் சொல்ல, கமலாவால் அதை ஏற்றுக்கொள்ள முடிவதில்லை. இருவரும் முடிவுக்காகக் காத்திருக்கிறார்கள்.

என் உம்மாவுக்கு ஆங்கிலம் வராது. ஒவ்வொரு கட்டத்தையும் தமிழில் சொல்லி, இரண்டு இரவுகளில் முழுவதையும் வாசித்துக் காட்டினேன். முடிந்ததும் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தப் பிள்ளை மேலிருந்து இறங்கி உம்மாகிட்டப் போச்சா?" என்று மட்டும் கேட்டார்.

திருகோணமலை, உவர்மலையிலிருந்து ஒரு வாசகர்:

மகளே, நான் 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழான 'இரும்புக்கை மாயாவி'யோடு வாசிக்கத் தொடங்கியவன். சிவகாசியில் அச்சான இதழ்கள் யுத்த காலத்தில் என் கைக்கு வருவது அரிதாகிவிட்டதால், நான் விரும்பிய எத்தனையோ கதைகளின் முடிவு எனக்குக் கிடைக்கவேயில்லை. ஆகையால் கடைசி இதழ் என்றால் எனக்குத் தனி மரியாதை உண்டு.

நான் முதலில் நினைப்பது 2011 ஜூனில் வெளிவந்த 'அல்டிமேட் ஸ்பைடர்-மேன்' 160ஆம் இதழையே. அதைக் கொழும்பில் படித்துக்கொண்டிருந்த என் மகன் இரவுப் புகையிரதத்தில் கொண்டுவந்தான். ஸ்பைடர்-மேனாகிய சிறுவன் பீட்டர் பார்க்கர் தன் வீட்டு வாசலிலேயே, மே மாமியின் கண் முன்னால் உயிர் விடுகிறான். பென் மாமாவைக் காப்பாற்ற முடியாதவன் மாமியையாவது காப்பாற்றிவிட்டேன் என்ற நிறைவோடு போகிறான். உட்துறைமுக வீதியில் கடலைப் பார்த்தபடி அமர்ந்து அதை வாசித்து முடித்தேன். மகனும் நானும் ஒரு சொல்லும் பேசாமல் வீட்டுக்கு நடந்தோம்.

உங்கள் 19ஆம் இதழைப் பற்றி ஒரு மாற்றுக் கருத்து உண்டு, பொறுத்தருள வேண்டும். அதே 2015இல் கமலாவின் தொடர் புதிய முதலாம் இதழோடு மறுபடி தொடங்கி, 2019 பெப்ரவரியில் 38ஆம் இதழோடு வில்சன் விடைபெறும் வரை ஓடியது. மறுபடி தொடங்கப்போகும் கதைக்கு உலகத்தின் முடிவை எழுதுவது வாசகரின் கண்ணீரை வீணாக்குவதாகும் என்று நான் எண்ணியிருந்தேன். ராபர்ட் கிர்க்மன் 2003இல் தொடங்கிய 'இன்வின்சிபிள்' 2018இல் 144ஆம் இதழோடு உண்மையாகவே நிறைவடைந்தது. அதுவே நேர்மை என்றிருந்தேன். ஆனால் உங்கள் தாயாரின் கேள்வியை வாசித்த பின், இந்தக் கருத்தில் முன்போல் உறுதியாக நிற்க என்னால் முடியவில்லை.

கிண்ணியாவிலிருந்து ஒரு மாணவி:

ராத்தா, பொது முடக்க காலத்தில் உலர் உணவுப் பொதி கட்டும் இடத்துக்கு நான் வீட்டில் சொல்லாமல் போய்வந்தேன். மூன்றாம் நாள் காலை, என் பைக்குள் உம்மா கட்டிவைத்த சோற்றுப் பார்சல் இருந்தது. அதைப் பற்றி இருவரும் இன்றுவரை பேசியதில்லை. நீங்கள் சொன்ன உம்மாவின் பக்கத்தை நான் பார்க்க வேண்டும்.

மூதூர் வாசகி:

ஐயா, உங்கள் வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆயினும் நாங்களும் கந்தளாயிலிருந்து ஊர் திரும்பி வீட்டை மறுபடி தொடங்கியவர்கள்தாம். அதனால் அந்த வகுப்பறையில் கழிந்த இரவுகள் இல்லாமற் போய்விடவில்லை. தங்கச்சி, வெள்ளிக்கிழமை கிண்ணியாவுக்கு வருவேன். நான்காம் தொகுப்பைக் கொண்டுவருகிறேன், உம்மாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.