பழைய டீசல் காரில் ஹீட்டர் பிளக் மாற்றுதல்: முறியாமல் கழற்றுவது எப்படி?

கேள்வி – தேன்கனிக்கோட்டை

வணக்கம். மார்கழி பிறந்ததிலிருந்து எங்கள் பழைய டீசல் கார், ரோஜாக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு ஓசூருக்குக் கிளம்பும் விடியற்காலை 5 மணிக்கு, ஐந்தாறு முறை செல்ஃப் அடித்த பிறகே வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு கிளம்புகிறது. நண்பகலில் அதே வண்டி சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொள்கிறது. கிளம்பும் முன் என்ஜினின் உள்ளே சூடேற்றும் ஹீட்டர் பிளக் நான்கையும் மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். கழற்றும்போது ஒன்று முறிந்தாலும் ஹெட்டை (என்ஜினின் மேல்பகுதியை) இறக்க வேண்டிவரும் என்று அவரே எச்சரித்ததால் தயங்குகிறேன். பழுது பிளக்கில்தான் என்று முன்பே உறுதி செய்ய வழி உண்டா?

மறுமொழி – காவேரிப்பட்டணம்

உண்டு. அம்பாசடர், இண்டிகா போன்ற அக்காலத்து வண்டிகளில் டீசல் நேராகப் பிஸ்டன் மேல் தெளிக்கப்படாமல், ஹெட்டில் உள்ள சிறு அறைக்குள் தெளிக்கப்படுகிறது. குளிர்ந்த அறைச்சுவர் அழுத்தப்பட்ட காற்றின் சூட்டை உறிஞ்சிக்கொள்வதால், பிளக்கின் முனை சிவக்கப் பழுக்காவிட்டால் டீசல் எரியாமல் வெள்ளைப் புகையாக வெளியேறும். சாவியை அணைத்து, நான்கு பிளக்குகளையும் இணைக்கும் தகட்டைக் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, ஒரு முனையைப் பிளக்கின் தலையிலும் மறுமுனையை என்ஜின் உடம்பிலும் வையுங்கள். நல்ல பிளக் ஏறத்தாழ 1 ஓம் காட்டும். உள்ளே அறுந்திருந்தால் மீட்டர் அசையாது. நான்கும் நன்றாக இருந்தால், பிளக்குகளுக்கு மின்சாரம் விடும் ரிலேயையும் ஃபியூஸையும் பாருங்கள். பிளக்கைத் தொடவே வேண்டாம்.

மறுமொழி – பாலக்கோடு

கழற்றுவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனெனில் அவசரத்தில் ஒன்றை முறித்துவிட்டு இரண்டு வாரம் வண்டியில்லாமல் நின்றவன் நான். முதல் நாள் இரவே பிளக்கின் அடியைச் சுற்றித் துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஊறவிடுங்கள். மறுநாள் வண்டியை ஒரு சுற்று ஓட்டிவந்து, என்ஜின் சூடாக இருக்கும்போதே, நீளமான கைப்பிடியைத் தவிர்த்துச் சிறிய ராட்செட்டால் கால் சுற்று தளர்த்தி, சற்று இறுக்கி, மீண்டும் எண்ணெய் விட்டுத் தளர்த்துங்கள். கிரீச்சென்ற ஒலியோடு அசைந்தால் அது விட்டுக்கொடுக்கிறது. ஒலியே இல்லாமல் ரப்பரைத் திருகுவதுபோல் கைக்குப் பட்டால் பிளக் முறுக்கேறுகிறது, அங்கேயே நிறுத்திவிடுங்கள். வெளியே வந்த முனை உப்பியோ உருகியோ இருந்தால் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரையும் சோதிக்க வேண்டும். புதியதை முதலில் விரலாலேயே திருகி ஏற்றுங்கள். கையேட்டில் சொன்ன அளவுக்கு மேல் இறுக்காதீர்கள்.

மறுமொழி – தேன்கனிக்கோட்டை

இருவருக்கும் நன்றி. இரண்டாவதிலும் நான்காவதிலும் மீட்டர் அசையவில்லை. மூன்று பிளக்குகள் எளிதாக வந்துவிட்டன. நான்காவது ரப்பர்போல் முறுக்கியதால் நிறுத்திவிட்டு, இன்னும் ஓரிரவு எண்ணெயில் ஊறவிட்டுக் கழற்றினோம். இன்று காலை மீட்டர் பலகையில் பிளக் சூடாவதைக் காட்டும் சுருள் விளக்கு அணையும்வரை காத்திருந்து சாவியைத் திருப்பினேன். முதல் செல்ஃபிலேயே பிடித்துக்கொண்டது.