புதுப்பிப்பு: ஏற்காடு மலையில் திணறிய டீசல் கார்

ஏற்காட்டு வளைவுகளில் என் டீசல் கார் கரும்புகை கக்கித் திணறுகிறது என்று போன வாரம் எழுதியிருந்தேன். கோளாறு இ.ஜி.ஆர். வால்வில்தான். புகையில் ஒரு பங்கை மறுபடி இன்ஜினுக்குள் அனுப்பி, எரிவெப்பத்தைத் தணித்து, நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைப்பது அதன் வேலை.

இன்ஜின் ஆறியதும் பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு வால்வைக் கழற்றினேன். அடிப்பிடித்த அல்வாச் சட்டி தோற்றது! கரி அப்பி, பாதி திறந்தபடியே சிக்கியிருந்தது. கார்புரேட்டர் கிளீனர் தெளித்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தேன். வால்வை இயக்கும் மின்மோட்டார் பக்கம் ஈரம் படவிடவில்லை. கசிவைத் தடுக்க இணைப்பில் வைக்கும் கேஸ்கெட் மட்டும் புதிது.

போன வாரப் பதிவைப் படித்து, இந்த வால்வின் வழியைத் தகடு வைத்து அடைத்துவிடச் சொன்னவர்களே, மன்னிக்கவும். அப்படி அடைத்தால் கூடும் நைட்ரஜன் ஆக்சைடுகளை ஊரார் ஏன் சுவாசிக்க வேண்டும்?

நேற்று 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறினேன். கரும்புகை இல்லை. இன்ஜின் எச்சரிக்கை விளக்கு மட்டும் அடம்பிடித்தது. காரின் கணினியில் பதிவாகியிருந்த பிழைக் குறியீட்டை ஸ்கேனரால் அழித்த பிறகே அணைந்தது.