பொட்ஸுவோலியைத் தூக்குவது பாறைக்குழம்பா, வெந்நீரா?

கோபி_மாணவன்:
இத்தாலியில் நேப்பிள்ஸ் பக்கம் காம்பி ஃபிளெக்ரேய் என்றொரு எரிமலைப் பள்ளம். அதற்குள்ளேயே பொட்ஸுவோலி நகரம். 1982 முதல் 1984 வரை அங்கே தரை சுமார் 1.8 மீட்டர் ஏறியது, கிட்டத்தட்ட 40,000 பேரை வெளியேற்றினார்கள். எரிமலை வெடிக்கவில்லை. ஏறியதில் ஏறக்குறைய பாதி தானாகவே இறங்கியது. பாறைக்குழம்பு தூக்கியிருந்தால் இவ்வளவு எப்படி இறங்கும்? அடியில் சிக்கிய வெந்நீரும் வாயுவும்தான் காரணம் என்பது என் கட்சி.

திருச்செங்கோடு_ரிக்:
தம்பி, 22 வருசமாக ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டித் தொழில். 1,000 அடி, 1,200 அடி என்று இறக்கியிருக்கிறேன். நம்ம பக்கம் இத்தனை காலமாகத் தண்ணியை உறிஞ்சியும் தரை ஒரு விரற்கடை இறங்கவில்லை. தண்ணி போனால் இறங்காத நிலம், தண்ணி வந்தால் மட்டும் ஏறுமா? ஆள் உயரத்துக்கு ஓர் ஊரைத் தூக்கப் பாறைக்குழம்பு வேண்டும். 1538இல் அங்கே தரை ஏறித்தானே வெடித்தது? மோன்டே நுவோவோ என்று புதுக் குன்றே முளைத்ததே.

கோபி_மாணவன்:
அண்ணா, உங்க ராடு இறங்கியது கருங்கல்லில். வெள்ளைப் பவுடராகப் பறந்துகொண்டே இருக்கும், வெடிப்பில் பட்டால்தான் ஈரம் காட்டும். நம்ம பாறையில் தண்ணீர் அந்த வெடிப்பில்தான், கல்லின் உடம்பில் இல்லை. அது போனாலும் கல் சுருங்காது. அங்கே எரிமலைச் சாம்பல் இறுகிய டஃப் பாறை, உள்ளெல்லாம் துளை. ஆழத்தில் ஆறுகிற பாறைக்குழம்பு, தனக்குள் கரைந்திருந்த நீரையும் கரியமில வாயுவையும் வெளியே விடுகிறது. மேலே தாதுப்படிவம் அடைத்த இறுக்கமான அடுக்கு. போக வழியில்லாமல் துளைகளில் அழுத்தம் ஏறும், சூட்டில் பாறையும் விரியும், தரை உப்பும். அடைப்பு கீறினால் நிலம் நடுங்கும், வாயு அங்கே ஆவி கக்குகிற சோல்ஃபதாரா என்ற பள்ளத்தின் வழியாக வெளியேறும், தரை அமரும்.

திருச்செங்கோடு_ரிக்:
அழுத்தம் எனக்குப் புதுசு இல்லை. ஒரு தோட்டத்தில் ராடு வெடிப்பில் பட்டதும், நூறடி தள்ளியிருந்த பழைய போர் வாயில் கம்ப்ரசர் காற்றும் சேறும் பீறிட்டு மூடியைத் தள்ளிவிட்டது. வெடிப்பு வெடிப்பாகப் போகும், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கீழே இருப்பது தண்ணியா குழம்பா என்று யார் இறங்கிப் பார்த்தது?

பொள்ளாச்சி_அம்மிணி:
இறங்க வேண்டாங்க, எடை போட்டால் போதும். தோசை மாவு ராத்திரி பொங்கி மூடியைத் தூக்கும். பாத்திரத்தின் எடை ஏறாது, உள்ளே காற்றுக்குமிழ்தான். இன்னொரு படி மாவை ஊற்றி உயர்ந்திருந்தால் எடை காட்டிக்கொடுத்துவிடும். ஈர்ப்பு விசையை அளக்கும் ஈர்ப்புமானியை வைத்து அதையேதான் பார்க்கிறார்கள். தரை உயர்ந்தாலே ஈர்ப்பு சற்றுக் குறையும், அந்தக் கணக்கைக் கழித்து, மிச்சம் எவ்வளவு எடை கூடியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். 1982–84 அளவுகளை வைத்து முதலில் குழம்பு என்றார்கள். 2006இல் அடியில் தரையைத் தூக்கும் இடத்துக்கு வேறு வடிவத்தை வைத்துக் கணக்கிட்டபோது, உள்ளே சேர்ந்த பொருளுக்கு வந்த அடர்த்தி தண்ணீரையும் வாயுவையும் ஒட்டி இருந்தது.

திருச்செங்கோடு_ரிக்:
அப்படிச் சொன்னால் சனங்கள் பயமில்லை என்று இருந்துவிடுவார்கள். அதுதான் என் கவலை.

கோபி_மாணவன்:
வெந்நீரைச் சாதாரணமாக நினைக்கவே கூடாதுங்கண்ணா. 2014 செப்டம்பரில் ஜப்பானின் ஓன்டாகே மலை வெடித்தது நீராவி அழுத்தத்தால். புதுக் குழம்பு வெளியே வரவில்லை. இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் சேர்ந்து 63 பேர். பெரும்பாலும் மலையேறப் போனவர்கள்.

திருச்செங்கோடு_ரிக்:
சரி தம்பி, இறங்கினதுக்கு உன் கணக்கு பொருந்துகிறது. ஆனால் அந்த வெந்நீரை அனுப்புவதே அடியில் கிடக்கிற குழம்புதானே? பொட்ஸுவோலி 2005லிருந்து மறுபடி ஏறி, 1984இன் உச்சத்தையும் தாண்டிவிட்டது. துறைமுகத்தில் படகுகள் தரை தட்டி நிற்கிற படத்தைப் பார். அடைப்பு கீறிவிட்டால் அமரும் என்றாய். இருபது வருசமாக அங்கே நிலம் நடுங்குகிறது, வாயு கசிகிறது, தரை ஏன் அமரவில்லை? இதற்குப் பதில் சொல், அப்புறம் என் கட்சியை விடுகிறேன்.