[சொல்லாக்கம்] நின்று ஓட்டும் போர்க்லிப்டுக்கு வெள்ளிக்கு முன் ஒரு சொல்

செவ்வாய் காலை, வெள்ளவத்தை, மொழிபெயர்ப்பாளர்

அனைவருக்கும் வணக்கம். களஞ்சியசாலை வேலைக்குப் புதிதாகச் சேருகிறவர்களுக்கான பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். சிங்களப் பகுதி முடிந்துவிட்டது. தமிழ் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். மூன்று சொற்களில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

ஒன்று, போர்க்லிப்ட் என்னும் சரக்குத் தூக்கும் வண்டியின் பெயர். இருந்து ஓட்டுவதல்ல, நின்று ஓட்டுவது. 'நிலைத்தூக்கி' என்று எழுதிப் பார்த்தேன். இரண்டு, முள்ளை (சரக்கைத் தாங்கும் இரண்டு இரும்புக் கைகளை) முன்னே நீட்டி, றாக்கைக்குள் (உயர்ந்த சரக்குத் தட்டுக்குள்) பலட்டை, அதாவது சரக்கு அடுக்கிய பலகையை, வைக்கும் வகை. ஸ்டோர்ஸில் 'றீச் ட்ரக்' என்கிறார்கள். 'எட்டுதூக்கி' சரிவருமா? மூன்று, ஓட்டுபவரின் காலடியில் இருக்கும் மிதி. இப்போதைக்கு 'பிறேக் மிதி' என்று போட்டிருக்கிறேன்.

செவ்வாய் மதியம், கொட்டாஞ்சேனை, தமிழாசிரியர்

தங்கச்சி, 'நிலைத்தூக்கி' வேண்டாம். நிலைக்கண்ணாடி, நிலைப்படி போல, ஓரிடத்தில் பொருத்திவைத்த பாரந்தூக்கி என்றே வாசிப்பவர் எடுத்துக்கொள்வார்.

போர்க் என்பதற்கு நம்மிடம் 'கவை' இருக்கிறது. ஒன்று இரண்டாகப் பிரிவது கவை. கிளை பிரியும் இடம் கவடு, பெடியன்கள் மாங்காய்க்கு அடிப்பது கவட்டை. குறுந்தொகை 324இல் 'கவைமக நஞ்சுண்டாங்கு' என்று வருகிறது. அங்கே கவைமகவு இரட்டைப் பிள்ளைகள். பெரும்பாணாற்றுப்படை நண்டைக் 'கவைத்தாள் அலவன்' என்கிறது. இரண்டு முள்ளை நீட்டிக்கொண்டு போகும் இந்த வண்டிக்கு அதைவிடப் பொருத்தமான உருவம் கிடைக்காது. 'முட்கரண்டி' சாப்பாட்டு மேசைக்கு உரியது, தயவுசெய்து அதை இங்கே கொண்டுவரவேண்டாம்.

'தூக்கி' என்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. தூக்குதல் என்றால் தொங்கவிடுதலும்தான். அது கிறேனுக்குப் பொருந்தும். இந்த வண்டி சரக்குக்கு அடியில் முள்ளைச் செருகித் தாங்கிக்கொண்டு போகிறது. ஆகவே 'கவையேந்தி'. நின்று ஓட்டுவது 'நின்றியக்கு கவையேந்தி'.

'எட்டுதூக்கி' இலக்கணப்படி சரி. எட்டுகின்ற தூக்கி என்ற வினைத்தொகை, வல்லினம் மிகாது. ஆனால் 'எட்டுத்தூக்கி' என்று ஒரு 'த்' கூடினால் எண்ணுப்பெயர் ஆகிவிடும், எட்டுத்தொகை போல. பிழை திருத்துபவர் நல்லெண்ணத்தோடு அந்தத் 'த்'தைச் சேர்ப்பார், உங்கள் வண்டி எட்டு வண்டியாகிவிடும்.

செவ்வாய் பின்னேரம், தெமட்டகொடை, களஞ்சிய மேற்பார்வையாளர்

ஐயா, குறையாக நினைக்கவேண்டாம். பேலியகொடை, ஒறுகொடவத்தைப் பக்கம் வேலைக்கு வரும் பிள்ளைகளில் 'கவையேந்தி'யைக் கேட்டவுடன் விளங்கிக்கொள்பவர் ஒருவரும் இருக்கமாட்டார். தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் ஒரே ஷிப்டில் நிற்கிறார்கள். 'போர்க்லிப்ட் வருது, விலகு' என்றால் எல்லோரும் விலகுவார்கள். எச்சரிக்கைச் சொல் எல்லோருக்கும் பொதுவாக இருக்கவேண்டும். கொழும்பில் 1899 முதல் 1960 வரை ட்ராம் ஓடியது. ட்ராம் என்றே சொல்லி ஏறி இறங்கினார்கள், தமிழ் குறைந்துபோகவில்லை.

சொல் மறுபக்கமும் போகும். புறக்கோட்டையில் மூட்டை சுமப்பவரைச் சிங்களத்திலும் 'நாட்டாமி' என்கிறார்கள். நம் நாட்டாமைதான் அது. யாரும் குழு வைத்து ஆக்கியதல்ல, தோளில் மூட்டையோடு போன சொல்.

செவ்வாய் இரவு, கொட்டாஞ்சேனை, தமிழாசிரியர்

நாட்டாமை உயர்ந்த பொருளிலிருந்து கூலிப் பொருளுக்கு இறங்கிய கதையைத் தனியே எழுதவேண்டும். ஆனால் உங்கள் வாதத்தை ஏற்கமுடியாது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியர் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். முதல் வகுப்பில் அந்தச் சொற்கள் யாருக்குத் தெரிந்திருக்கும்? ஆசிரியர் சொல்லிச் சொல்லித்தான் தெரியவந்தன. வகுப்பறை எதற்கு இருக்கிறது?

புதன் காலை, வத்தளை, போர்க்லிப்ட் பயிற்றுநர்

நீங்கள் எல்லோரும் முதல் சொல்லில் நிற்கிறீர்கள். எனக்குப் பயம் மூன்றாவதில்தான். அக்கா, 'பிறேக் மிதி'யை இன்றைக்கே வெட்டிவிடுங்கள்.

இந்த வண்டியில் அந்த மிதி கார் பிறேக்குக்கு நேர் எதிர். மிதித்து அழுத்திக்கொண்டு நின்றால் பிறேக் விடுபடும், வண்டி ஓடும். காலை எடுத்தால் பிறேக் பிடிக்கும். கையேட்டில் 'பிறேக் மிதி' என்று வாசித்தவர் முன்னால் ஆள் வந்தவுடன் இன்னும் பலமாக அழுத்துவார். வண்டி ஓடிக்கொண்டேயிருக்கும். மோட்டர் சைக்கிள் ஓட்டிப் பழகிய பெடியன்கள் முதல் நாளில் செய்யும் பிழையே இதுதான். அடுத்த பிழை, சைக்கிளில் போல ஒரு காலை வெளியே ஊன்றப் பார்ப்பது. பின்னால் வரும்போது வண்டிக்கும் றாக்கைத் தூணுக்கும் இடையில் நசுங்குவது அந்தக் கால்தான். நிற்கும் தட்டின் விளிம்புக்கு வெளியே குதிக்கால் தெரிந்தாலே நான் வண்டியை நிப்பாட்டச் சொல்வேன்.

இன்னொன்றும் எழுதவேண்டும். வழக்கமாக வேகம் குறைக்க மிதியை விடுவதில்லை. கைப்பிடியை மெதுவாக எதிர்த்திசைக்குக் கொண்டுவந்தால் மோட்டரே இழுத்துப் பிடிக்கும், வண்டி தணிந்து நிற்கும். அதற்குப் பிறகுதான் காலை எடுப்பது. ஓட்டத்தில் சடக்கென்று காலை எடுத்தால் வண்டி நிற்கும், முள்ளின் மேலிருக்கும் சரக்கு நிற்காது, முன்னால் வழுக்கும். காலை எடுப்பது அவசரத்துக்கு.

றீச் ட்ரக்கையும் நின்று ஓட்டுவதையும் ஒன்றாக்கவேண்டாம். றீச் என்பது முள்ளின் குணம், நிற்பது ஓட்டுபவரின் இருப்பு. பக்கவாட்டாக இருந்து ஓட்டும் றீச் ட்ரக்கும் இருக்கிறது.

'நின்று' என்பது மட்டும் பெயரில் கட்டாயம் வரவேண்டும். இருந்து ஓட்டும் போர்க்லிப்ட் சாய்ந்தால் குதிக்கக்கூடாது. பெல்ட்டோடு உள்ளேயே இருந்து, ஸ்டியரிங்கை இறுகப் பிடித்து, சாயும் பக்கத்துக்கு எதிரே உடம்பைச் சரிக்கவேண்டும். பின்பக்கம் திறந்த, நின்று ஓட்டும் வண்டி சாய்ந்தால் பின்னால் அடியெடுத்து வைத்து வெளியேறவேண்டும். இரண்டும் நேர் எதிர். வண்டி மாறிப் படித்தவர் உயிரோடு விளையாடுகிறார்.

புதன் மதியம், வெள்ளவத்தை, மொழிபெயர்ப்பாளர்

வெட்டிவிட்டேன் தம்பி. ஆங்கிலப் பெயரை அப்படியே போட்டால் 'செத்தவன் மிதி' என்று வரும். சாரதிக்கு ஏதும் நடந்தாலும் ரயில் தானே நிற்கவேண்டும் என்று வைத்த ஏற்பாட்டின் பெயர் அது. முதல் நாள் வேலைக்கு வந்த பிள்ளையின் காலடியில் அதை ஒட்ட மனம் வரவில்லை. 'விடுமிதி'?

புதன் மதியம், கொட்டாஞ்சேனை, தமிழாசிரியர்

'விடுமிதி' வேண்டாம். விடு, மிதி இரண்டும் ஏவல். அவசரத்தில் எதைச் செய்வது? 'விடுதடை' என்று பாருங்கள். விட்டதும் தடை, விடும்போதும் தடை, இனி விட்டாலும் தடை. வினைத்தொகை முக்காலத்தையும் தாங்கும். இதைவிடச் சுருக்கமாக அந்த மிதியின் இயல்பைச் சொல்லமுடியாது.

புதன் பின்னேரம், தெமட்டகொடை, களஞ்சிய மேற்பார்வையாளர்

சொல் அழகுதான் ஐயா. ஆனால் 8 சென்றிமீற்றர் ஸ்டிக்கரில், ரயர்த் தூசி படிந்த பிறகு, 'விடுதடை' 'விடுதலை'யாகத் தெரியும். விடுவதற்குத் தடை என்றும் ஒருவர் வாசிக்கலாம், அப்படி வாசித்தவர் காலை எடுக்கவே மாட்டார். ஓட்டுபவர் நிற்கிறாரா என்று மிதி பார்ப்பதால் 'இருப்புமிதி' என்று நானும் யோசித்தேன். எங்கள் இடத்தில் இருப்பு என்றால் சரக்கிருப்பு. 'காவல்மிதி' எப்படி?

புதன் இரவு, வத்தளை, போர்க்லிப்ட் பயிற்றுநர்

காவல்மிதி எனக்குச் சரி. புதுச்சொல் என்பதால் பழைய பிறேக் பழக்கத்தை இழுத்துக்கொண்டு வராது. ஆனால் ஸ்டிக்கரில் சொல்லுக்குக் கீழே வாக்கியமாகவே போடுங்கள்: 'மிதித்தால் ஓடும். காலை எடுத்தால் நிற்கும்.'

5ஆம் பக்கத்தில் ஒரு திருத்தம். பலட்டை எடுக்கும் படியில் 'முள்ளை நீட்டி, உயர்த்தி, திரும்பவும்' என்று இருக்கிறது. இடையில் உள்ளிழுப்பது விடுபட்டுப்போயிற்று. நேராக வந்து நின்று, முள்ளைச் சமமாக்கி, நீட்டி, முழுதாகச் செருகி, றாக்கையிலிருந்து சற்றுக் கிளப்பி, உள்ளிழுத்து, பின்னால் வந்து, நிலத்திலிருந்து 10 முதல் 15 சென்றிமீற்றர் வரை இறக்கியபின்தான் திரும்பவேண்டும். நீட்டிய முள்ளோடு திரும்பினால் பாரம் வண்டியின் கால்களுக்கு வெளியே போய்விடும். அதோடு, வண்டித் தகட்டில் எழுதிய, தூக்கக்கூடிய பாரம் முள்ளின் அடியிலிருந்து 600 மில்லிமீற்றர் தள்ளியுள்ள பாரமையத்துக்கு என்றால் 1,200 மில்லிமீற்றர் நீளப் பலட்டில் சரக்கு ஒரே சீராக இருக்கும்போதுதான் அது பொருந்தும் என்பதையும் சேருங்கள். உயரம் கூடக்கூடத் தூக்கக்கூடிய பாரம் குறையும்.

வியாழன் இரவு, வெள்ளவத்தை, மொழிபெயர்ப்பாளர்

நாளைக்கு அச்சு. எழுதியவர்களில் அதிகமானோர் சொன்னபடி: தலைப்பு 'நின்று ஓட்டும் போர்க்லிப்ட்'. றீச் ட்ரக் 'முள் நீட்டும் வகை'. மிதி 'காவல்மிதி', கீழே தம்பியின் இரு வாக்கியங்கள். பலட், பற்றரி, றாக்கை எல்லாம் அப்படியே. கவையேந்தி பின்னிணைப்புச் சொற்பட்டியலில் இருக்கிறது ஐயா, விட்டுவிடவில்லை.

வியாழன் இரவு, கொட்டாஞ்சேனை, தமிழாசிரியர்

மிதிக்கு ஒத்துக்கொள்கிறேன், அங்கே உயிர் இருக்கிறது. தலைப்புக்கு இல்லை. பின்னிணைப்பை யாரும் திறக்கமாட்டார்கள். ஒவ்வொரு அத்தியாயத்திலும் முதல் தடவை மட்டுமாவது 'கவையேந்தி என்னும் போர்க்லிப்ட்' என்று எழுத இப்போதும் நேரம் இருக்கிறது. ஆறு அத்தியாயம், ஆறு இடம். இரவே திருத்தித் தருகிறேன், கோப்பை அனுப்புங்கள்.